ஒரு 'ப்' கேட்டேன்

மன்னிக்க வேண்டும் தம்பி, உங்கள் மடியில் இருக்கும் அழைப்பிதழை எட்டிப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. பேருந்துச் சன்னல் பக்கம் வெயில் என்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், கண்ணில் விழுந்துவிட்டது. 'விழாவிற்கு தாங்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். 'விழாவிற்குத் தாங்கள்' என்று இருக்க வேண்டும். நடுவில் ஒரு 'த்' இல்லை. யாருக்குக் காது குத்து? உங்கள் மகளுக்கா? நல்லது, நல்லது. காதையாவது சரியான இடத்தில் குத்தச் சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் தமிழ்ப் பேராசிரியர். பெயர் ஆவுடையப்பன். இவர் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள், தெரிகிறது. வீட்டிலும் இப்படித்தான். காய்கறிக் கடையில் "கத்திரிக்காய் என்ன விலை ஐயா?" என்று கேட்டால், கடைக்காரர் என்னை வெளியூர்க்காரர் என்று நினைத்து விலையைக் கூட்டிச் சொல்கிறார். நான் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் பாளையங்கோட்டையைச் சுற்றித்தான்.

நாகர்கோவிலுக்குப் போகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் பேராசிரியர்களுக்குப் பயிற்சி. நான் கருத்தாளர். என்ன பயிற்சி என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'வேகமாக மாறும் தொழில்நுட்பத்திற்குக் கல்வியாளர்களை ஆயத்தப்படுத்துதல்.' ஆமாம், நான்தான் ஆயத்தப்படுத்துகிறேன். சிரித்துவிடுங்கள். என் மனைவி சிரித்துக்கொண்டேதான் சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டி போட்டுக் கொடுத்தாள்.

நான் எப்படி இதில் வந்து விழுந்தேன் என்பது பெரிய கதை. இதில் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. எனக்கு ஒருங்கிணைப்பாளர் பொறுப்புப் போயிற்று. எதை முதலில் சொல்வது? பொறுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒற்று என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு சொற்களுக்கு நடுவே வந்து நிற்குமே க், ச், த், ப், அதுதான். பள்ளியில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். மறக்காதவர்களை நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் பாருங்கள், 'மருந்து கடை' என்று பலகை இருக்கும். 'மருந்துக் கடை' என்றால் மருந்து விற்கும் கடை. 'மருந்து கடை' என்றால், மருந்தைப் போட்டுக் கடை என்று பொருள். மத்தைக் கொண்டுவந்து கடைய வேண்டியதுதான். ஒரு சின்ன 'க்', அது இல்லாவிட்டால் மருந்து மோராகிவிடும்.

முப்பது ஆண்டுகளாக நான் இதைத்தான் கற்பித்துவருகிறேன். தேர்வில் 'வல்லினம் மிகும் இடங்களை எழுதுக' என்று கேட்பேன். பிள்ளைகள் விதிகளை வரிசையாக எழுதுவார்கள். ஒன்று விடாமல் எழுதுவார்கள். நானும் முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் அந்த விடை எப்படித் தொடங்கும் தெரியுமா? 'கீழ்கண்ட இடங்களில் வல்லினம் மிகும்' என்று தொடங்கும். 'கீழ்க்கண்ட' என்று எழுத வேண்டும். முதல் சொல்லிலேயே வல்லினத்தைக் காணோம். விதியெல்லாம் மனப்பாடம், கைக்கு மட்டும் தகவல் போகவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

தை மாதம் துணைவேந்தர் எல்லாரையும் மண்டபத்தில் கூட்டினார். மேடையில் பெரிய பதாகை. அவர் பேசினார்.

"பிள்ளைங்க கட்டுரையை மெஷின்கிட்ட எழுதி வாங்கிட்டு வர்றாங்க. நாம உக்காந்து அதைத் திருத்திக்கிட்டு இருக்கோம். இன்னும் ரெண்டு வருசம் போனா, இவங்க எதுக்குன்னு நம்மளப் பாத்துக் கேப்பாங்க. நாம தயாராகணும். யாரு முன்ன வர்றீங்க?"

மண்டபத்தில் ஆளாளுக்குக் குனிந்து பையில் எதையோ தேடினார்கள். நான் எழுந்தேன். நான் எழுந்தது பதாகைக்காக. 'தொழில்நுட்ப பயிற்சி' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். 'தொழில்நுட்பப் பயிற்சி' அல்லவா? கூட்டம் தொடங்கியதிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஐயா, ஒரு 'ப்' வேண்டும்" என்றேன்.

நான் வாயைத் திறந்ததும் கைதட்டல் தொடங்கிவிட்டது. 'ப்' யார் காதிலும் விழவில்லை. பதிவாளர் என் பெயரை எழுதிக்கொண்டார். நான் ஒரு மெய்யெழுத்தைக் கேட்டேன், அவர்கள் எனக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் எபனேசர் உட்கார்ந்திருந்தார். இயற்பியல் துறைத் தலைவர், என்னோடு ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர். என் முழங்கையைத் தட்டினார்.

"ஓய் ஆவுடை, ஒமக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமாவே?"

"அது எப்போதும் எரிந்துகொண்டுதானே இருக்கிறது?"

"வெளங்கிரும்" என்றார்.

பயிற்சியை உண்மையில் நடத்த வேண்டியவர் ரிஃபாயா பானு. கணினித் துறை, இளம் உதவிப் பேராசிரியர். எல்லாப் பாடத்தையும் அவரே ஆயத்தம் செய்து வைத்திருந்தார். நான் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் என்றால், தேநீர் எப்போது வரும் என்று அறிவிப்பவர். அதை நான் நன்றாகச் செய்தேன், அதில் யாரும் குறை சொல்லவில்லை.

முதல் நாள். ரிஃபாயா அந்த இயந்திரத்தைத் திரையில் காட்டினார். நாம் கேட்டால் அது எழுதும் என்றார். "யாராவது ஒரு கேள்வி சொல்லுங்க சார்" என்றார். யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டுப் பிழைப்பவர்கள் ஒரு மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறோம், ஒருவருக்கும் ஒரு கேள்வி வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியை நான் கேட்டேன்.

"வல்லினம் மிகும் இடங்கள் யாவை?"

தம்பி, கொட்டியது பாருங்கள்! இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, அந்த, இந்த, எந்த, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்... திரை நிரம்பி மேலே ஓடியது. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். எனக்கே மறந்துபோயிருந்த இரண்டு விதிகளும் அதில் இருந்தன. உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சிலிர்ப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுந்து ஒலிவாங்கியை ரிஃபாயாவிடமிருந்து வாங்கினேன்.

"நண்பர்களே! இந்த இயந்திரத்துக்கு எல்லா விதியும் தெரிகிறது. விதி தெரிந்தது பிழை விடாது. நம் பிள்ளைகளோ பிழை விடாமல் இருக்கவே மாட்டார்கள். ஆகவே எளிய வழி ஒன்று சொல்கிறேன். பிழை இருந்தால் பிள்ளை. பிழை இல்லாவிட்டால் இயந்திரம்!"

எதுகையா மோனையா என்று பார்க்காமல் மண்டபம் கைதட்டியது. எபனேசர் கையைத் தூக்கினார்.

"அப்போ இதைக் கண்டுபிடிக்கதுக்குக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம்லா?"

"தொடவே வேண்டாம். சிவப்புப் பேனா போதும்."

"அப்போ இது நல்ல பயிற்சிவே!"

ரிஃபாயா மட்டும் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "சார், அது அப்படி வேலை செய்யாது சார். திரையில இருக்கதையே ஒரு தடவ முதல்ல இருந்து படிச்சுப் பாருங்களேன்."

"தேநீர் வந்துவிட்டது அம்மா" என்றேன். உண்மையிலேயே வந்திருந்தது.

அதற்குப் பிறகு பயிற்சி என் கைக்கு வந்துவிட்டது. ரிஃபாயாவுக்குக் காலையில் கொஞ்ச நேரம் கொடுத்தோம். மீதி நேரமெல்லாம் ஒற்று. வேதியியல், வணிகவியல், கணிதம் என்று எல்லாத் துறைப் பேராசிரியர்களும் சின்னப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்து கேட்டார்கள். விலங்கியல் அம்மையார் ஒருவர் எழுந்து, "பாம்புக் கடிக்கு 'க்' உண்டா?" என்று கேட்டார். "கட்டாயம் உண்டு. 'பாம்பு கடி' என்று எழுதினால், பாம்பே, வந்து கடி என்று நீங்களே அதைக் கூப்பிடுகிறீர்கள்" என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் முப்பது ஆண்டுப் பணியில் என் பாடத்தை இவ்வளவு பேர் விரும்பிக் கேட்டது அப்போதுதான். நிறைவு நாளில் பொன்னாடை போர்த்தினார்கள். பதாகையில் 'ப்' சேர்த்திருந்தார்கள். தனியாகக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஆனாலும் சேர்த்திருந்தார்கள்.

தொழில்நுட்பமா? அது இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் அதற்கு ஆயத்தமாகிவிட்டோம்.

இந்த விதி எங்கள் பல்கலைக்கழகத்தில் எப்படிப் பரவியது என்கிறீர்கள்! எல்லாத் துறையிலும் சிவப்புப் பேனாவோடு பிழையைத் தேடினார்கள். பிழை கிடைத்தால் மகிழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கும் சேதி போய்விட்டது. ஒற்றுப் போடாமல் எழுதினால் தேர்ச்சி என்று தெரிந்தவுடன் அவர்கள் முகத்தில் வந்த ஒளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக அவர்களுடைய இயல்புக்கு மதிப்பெண் கிடைத்தது.

பங்குனி முடிகிற நேரத்தில் முதுகலை ஆய்வேடுகள் வந்தன. என் துறை, நான்தான் மதிப்பிட வேண்டும். அதில் ஒன்று, 'திருநெல்வேலிச் சிற்றுந்துகளின் பெயர்கள்'. சிற்றுந்து என்றால் மினி பஸ் தம்பி. எழுதியவள் இசக்கிப்பிரியா. அவள் அப்பா மினி பஸ் ஓட்டுநர். வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு வழிகாட்டிய அம்மையார் மகப்பேற்று விடுப்பில் போய்விட்டார், ஆகவே எழுதும்போது யாரும் கூட இருந்து பார்க்கவில்லை.

முதல் பக்கம், பிழை இல்லை. திருப்பினேன், இல்லை. நடுவிலே பிரித்தேன், இல்லை. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தேன். ஒரு 'க்' குறையவில்லை, ஒரு 'ப்' கூடவில்லை. மிகாத இடத்தில் மிகவில்லை. 'கனவு கன்னி' என்ற சிற்றுந்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'கனவுக் கன்னி' என்று திருத்தம் வேறு. இயந்திரத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்கிறீர்களா? உள்ளே... தம்பி, ஒற்றைப் பார்க்கும்போது உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க நான் என்ன இயந்திரமா?

'இயந்திரம் எழுதியது' என்று குறித்து, அவள் தேர்வு முடிவை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன்.

அவள் என் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, நான்தான் எழுதினேன்."

"பிழையே இல்லையே அம்மா."

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"எல்லாருக்கும்தான் சொல்லிக் கொடுத்தேன். யார் படித்தார்கள்?"

"நான் படிச்சேன்யா."

நீங்களே சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளாக ஒருவர்கூடப் படிக்கவில்லை. திடீரென்று ஒரு பெண் வந்து, நீங்கள் சொன்னதை நான் படித்தேன் என்றால், எந்த ஆசிரியர் நம்புவார்? எனக்கு என்னைப் பற்றித் தெரியாதா?

அவள் அப்புறம்தான் வேலையைப் பற்றிச் சொன்னாள். வள்ளியூரில் ஒரு தனியார் பள்ளி. தமிழாசிரியர் வேலை. பி.எட். இல்லாமலே எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி திறப்பதற்குள் முதுகலைத் தேர்ச்சிச் சான்றைக் காட்ட வேண்டும். "ஐயா, அதுக்குள்ள விசாரிச்சு முடிச்சிருங்கய்யா. வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க" என்றாள். கேட்கும்போது அழவில்லை. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"உடனே முடித்துவிடுவோம்" என்றேன். முடித்தும் இருப்போம். இடையில் ஒரு 'ப்' வந்துவிட்டது.

விசாரணைக்கு அவளை அழைக்க ஒரு கடிதம் போக வேண்டும். அலுவலகம் அடித்துக் கொண்டுவந்தது. 'இசக்கிபிரியா' என்று இருந்தது. 'ப்' சேர்க்கச் சொல்லித் திருப்பினேன். பதிவேட்டில் 'ப்' இல்லை சார், சான்றிதழிலும் இல்லை, இருக்கிறபடிதான் போட முடியும் என்று அலுவலகம் திருப்பியது. அந்தப் பெண்ணே தன் பெயரை 'ப்' போட்டுத்தான் எழுதுகிறாள், ஆய்வேட்டைப் பாருங்கள் என்று நான் திருப்பினேன். ஆய்வேடு அவள் எழுதியதா என்பதுதானே விசாரணை, அதை எப்படிச் சான்றாக எடுப்பது என்று அவர்கள் திருப்பினார்கள். நல்ல கேள்விதான். எனக்கே பிடித்திருந்தது. இப்படிக் கடிதம் மாடிக்கும் கீழுக்கும் போய்க்கொண்டிருந்தது. வெயில் காலம் முடிந்தது. பிள்ளைகள் புதுப் பையோடு தெருவில் போகத் தொடங்கிவிட்டார்கள். காலதாமதத்துக்கு நான்தான் காரணம் என்கிறார் ரிஃபாயா. நான் கேட்கிறேன், பிழையான பெயரோடு ஒரு கடிதம் எப்படித் தமிழ்த் துறையிலிருந்து வெளியே போகும்?

கடைசியில் எபனேசர்தான் முடித்துவைத்தார். அவர்தான் விசாரணைக் குழுவின் தலைவர். "கடுதாசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். புள்ளைக்கி ஒரு போனைப் போடுங்கவே" என்றார். அடுத்த நாளே அவள் வந்தாள்.

அறையில் எபனேசர், ரிஃபாயா, நான். எதிரே அவள். எபனேசர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் இயற்பியல்காரர், ஒற்றுத் தெரியாது, அதனால் உள்ளே படித்திருக்கிறார்.

"ஓய், இதுல ஒரு கண்டக்டர், பஸ்ஸு பேரை எழுதிக்கிட்டு நிக்கியே, ஏறுதியா இல்லியான்னு இந்தப் புள்ளய ஏசினது எல்லாம் இருக்குவே. மெஷினை எந்தக் கண்டக்டர்வே ஏசுவான்?"

"அதுவும் இயந்திரம் கற்பனை செய்திருக்கலாம்" என்றேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனதே இல்லை.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "சார், நான் இங்கயே உக்காந்து ஒரு பக்கம் எழுதுதேன். அதுவும் எழுதட்டும். பேரு போடாம குடுங்க. எது நான் எழுதினது, எது அது எழுதினதுன்னு ஐயாவே சொல்லட்டும்."

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி தம்பி. என் விதிக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. எபனேசர் தலைப்புக் கொடுத்தார்: 'மழை நாளில் பேருந்து நிலையம்'. அவள் ஒரு கணினியில் தட்டினாள். ரிஃபாயா இன்னொன்றில் இயந்திரத்திடம் கேட்டார். அது கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. அவளுக்கு நேரமாயிற்று. எழுதுவாள், நிறுத்துவாள், சன்னலைப் பார்ப்பாள், அழிப்பாள். இரண்டு தாளும் ஒரே எழுத்தில் அச்சாகி என் கைக்கு வந்தன.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

முதல் தாளில் 'அந்த பேருந்து' என்று இருந்தது. 'ப்' இல்லை. 'மழைக்கு பயந்து', அதிலும் இல்லை. 'எப்படி போவது என தெரியாமல்', இரண்டு இடத்திலும் ஒற்று இல்லை. பக்கம் சிவந்துவிட்டது. எனக்கு மனம் இளகிவிட்டது. இரண்டாம் தாளைப் பார்த்தேன். 'தலைக்குப் பையைப் பிடித்தபடி நின்ற அம்மாள், பைக்குள் குடை இருப்பதைப் பேருந்து வந்த பிறகுதான் நினைத்துக்கொண்டார்.' தலைக்குப், பையைப், இருப்பதைப். எல்லா 'ப்'பும் அணிவகுத்து நின்றன. பேனாவுக்கு வேலையே இல்லை.

நான் எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்தும் சொல்லியிருக்கலாம்.

"இதோ, இந்த முதல் தாள்தான் நம் பிள்ளை எழுதியது. இந்தப் பிழைகளைப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக இருக்கின்றன! 'மழைக்கு பயந்து.' நனைந்துகொண்டே அவசரத்தில் எழுதியது போல இல்லை? இதில் ஓர் உயிர் இருக்கிறது. இரண்டாவது தாளில் ஈரமே இல்லை. அது இயந்திரம்."

ரிஃபாயா தொண்டையைச் செருமினார்.

"சார், மாத்திச் சொல்லிட்டீங்க."

எபனேசர் சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. "ஓய், நீரு படிப்பிச்ச புள்ளைய விட்டுட்டு மெஷினைத் தூக்கி இடுப்புல வச்சுக் கொஞ்சுதீரேவே!"

ரிஃபாயா அதோடு விடவில்லை. பயிற்சியின் முதல் நாள் திரையில் வந்ததைப் படம் பிடித்துவைத்திருந்தார். காட்டினார். வல்லினம் மிகும் இடங்களை அந்த இயந்திரம் எப்படித் தொடங்கியிருந்தது தெரியுமா? 'கீழ்கண்ட இடங்களில்.' என் பிள்ளைகளைப் போலவே! நான் அன்று விதிகளை எண்ணினேன், எழுத்தைப் பார்க்கவில்லை. விதி இருந்தால் முழு மதிப்பெண் போட்டுப் பழகிய கை. "அதுக்குன்னு தனியா அறிவு ஏது சார்? நாம எல்லாரும் எழுதி வச்சதைப் படிச்சுத்தான் அது எழுதுது. நாம விட்டா அதுவும் விடும்" என்றார். ஆக, அதுவும் என் மாணவர்தான். பணம் கட்டாமல் படித்தவர்.

அவள் சிரிக்கவில்லை. தன் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஒரு சிவப்புக்கூட இல்லையே ஐயா" என்றாள்.

"அதனால்தானே சந்தேகமே வந்தது" என்றேன். வாய்ப் பழக்கம். சொன்ன பிறகு, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. முழு மதிப்பெண் என்றாவது.

அன்று மாலையே முடிவை வெளியிட்டுவிட்டோம். முதல் வகுப்பு. வள்ளியூர்ப் பள்ளியில் அதற்குள் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பெற்றோர் விடுவார்களா? அந்த இடத்துக்கு வந்தவர் எழுதிய விடுப்புக் கடிதம் ஒன்றை யாரோ எனக்குக் காட்டினார்கள். ஒற்று விஷயத்தில் அவர் சந்தேகத்துக்கு இடமில்லாத மனிதர்.

என் பொறுப்பும் போயிற்று. அடுத்த பயிற்சிக்கு ரிஃபாயா ஒருங்கிணைப்பாளர். எனக்கு வந்தது வெறும் பங்கேற்பாளருக்கான அழைப்பு. தேநீரைக்கூட இப்போது வேறு ஒருவர்தான் அறிவிக்கிறார், அதுவும் பிந்தித்தான் அறிவிக்கிறார்.

பிறகு எப்படி நாகர்கோவிலுக்குக் கருத்தாளராகப் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? விதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது தம்பி. மறுப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் மறைக்கவில்லை, திருத்திய விதியைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பிழை இருந்தால் இயந்திரம், பிழை இல்லாவிட்டால் பிள்ளை. ஆனால் அப்படிச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் இயந்திரமாகிவிடுகிறார்கள். அந்த ஒரு பெண் மட்டும்தான் மிஞ்சுகிறாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

அவளா? அவளுக்கு ரிஃபாயா ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். சம்பளம் பரவாயில்லையாம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். என்ன வேலை தெரியுமா? இயந்திரம் எழுதும் தமிழைத் திருத்திக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க அதற்கு ஒற்றுப் போடக் கற்றுக்கொடுக்கிறாள். வகுப்பு எடுக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஒரு வகையில் வகுப்புத்தானே? கேட்காத மாணவர், பேசாத மாணவர். நான் எபனேசரிடம் சொன்னேன், "பாருங்கள், அவள் வேலையை முடித்துவிட்டால் இயந்திரம் பிழையே விடாது. அப்போது என் முதல் விதிதான் சரியாகும். நான் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்றைய பயிற்சிக்கு அவளையும் அழைத்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயாவிடம்தான் கற்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போக்குவரத்துச் செலவு அவர்களே கொடுப்பார்கள் என்று கைப்பேசியில் செய்தி அனுப்பினேன். பேருந்து ஏறும்போது பதில் வந்தது. படித்துக் காட்டுகிறேன்.

'எனக்கு கற்று கொடுத்ததை மறக்க மாட்டேன் ஐயா. ஆனால் அங்கு வந்து பேச முடியாது.'

பார்த்தீர்களா? 'எனக்குக் கற்றுக் கொடுத்ததை' என்று வர வேண்டும். இரண்டு 'க்' இல்லை. நான் உடனே இரண்டையும் போட்டு, அந்த வரியை முழுதாக எழுதித் திருப்பி அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது. பார்த்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை.

கைப்பேசி தானாக மாற்றிவிடுமோ என்று நினைத்து ரிஃபாயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவ தட்டினதுதான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவசரத்தில் விட்டிருப்பாள் என்கிறீர்களா? வேலை மிகுதி, கை ஓடியிருக்கும், அப்படியா? நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், வள்ளியூர் தாண்டும்வரை. ஆனால் தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பிழை விடத் தெரியாதே.